பாலத்துக் காவலாளி

அன்று மதியம் நான் கழுத்தை நெரித்த ஏழாவது காவலாளி என் அப்பாவின் குரலில் செத்தான்.

பதற வேண்டாம், விளையாட்டில்தான். நான் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். கையில் கன்ட்ரோலர், எதிரே டிவி. டிவியில் பனி கொட்டும் ஒரு ஊர். அந்த ஊரை எதிரிப் படை பிடித்து வைத்திருக்கிறது. நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். யார் கண்ணிலும் படாமல் கிடங்குகளுக்குள் புகுந்து, வரைபடங்களைத் திருடி, தொலைபேசிக் கம்பிகளை அறுத்துவிட்டு வர வேண்டும். வழியில் நிற்கும் காவலாளியைப் பின்னால் போய் மடக்கலாம், அல்லது அவன் திரும்பும்வரை காத்திருந்து நழுவிப் போகலாம். காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். அன்றுவரை எனக்கு அது கிடையாது. நான் மடக்கும் கட்சி.

ஏழாவது ஆள் நிலக்கரிக் கிடங்கில் அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். நான் பூனை மாதிரி போய்ப் பிடித்தேன். மற்றவர்கள் "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு சரிந்தார்கள். இவன் மட்டும் "அட, போச்சுடா" என்றான். சொல்லிவிட்டு மூக்கால் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டான்.

காபி டப்பாவின் மூடி கை நழுவி விழுந்தால் என் அப்பா அப்படித்தான் சொல்வார். அதே "போச்சுடா", அதே மூக்கு மூச்சு. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். திரையில் தந்திக்காரி பிணத்தின் பக்கத்தில் குந்தியபடி எனக்காகக் காத்திருந்தாள்.

அதற்கு முன் செத்த ஆறு பேரும் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கொன்ற வேகத்தில் அவர்களுக்கு வாயைத் திறக்கவே நேரம் இருக்கவில்லை.

இதில் எனக்குத்தான் வெட்கம். என் பிழைப்பே காதுதான். காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை, செவிப் பரிசோதனை நிலையத்தில் ஆட்களைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பொத்தான அழுத்துங்க, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் அழுத்துங்க" என்று சொல்கிறவள். ஊர் காதையெல்லாம் அளக்கிறவளுக்குப் பெற்ற அப்பாவின் குரல் ஏழாவது சாவில்தான் உறைத்தது.

அப்பா டப்பிங் கலைஞர். அந்த வட்டாரத்தில் அவருக்குப் 'பத்துக்குரல்' என்று பெயர். கார்ட்டூன் கரடி, விளம்பரத்து மருத்துவர், வெளிநாட்டுப் படத்தில் இரண்டு நிமிடத்தில் செத்துப்போகும் நண்பன், எல்லாம் அவரே. கதாநாயகனுக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டார் என்று அம்மா சொல்வாள். அது பெருந்தன்மையா வீராப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நானும் அவரும் பேசி இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோனது. அந்த ஆள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று நான் அப்பாவிடம் ஃபோனில் அழுதேன். வெட்கம் கெட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். மூன்று மாதம் கழித்து அவருடைய டப்பிங் கலைஞர் சங்கத்தின் வெள்ளிவிழா. அப்பாவை மேடையேற்றினார்கள். அவர் ரயில் மாதிரி கூவினார், கொதிக்கிற கெட்டில் மாதிரி விசிலடித்தார், சங்கத் தலைவர் மாதிரி இருமினார். கைதட்டல் அடங்கவில்லை. "அடுத்தது நம்ம வீட்டுக் கச்சேரி" என்றார். அப்புறம் என் குரலில் அழுதார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்லப்பா."

சொல் மாறாமல், இடையில் மூச்சு சிக்கியது முதற்கொண்டு. மண்டபமே சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் காகிதத் தட்டில் கேக் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கலைஞனுக்குக் காதுல விழுறதெல்லாம் சரக்குதான் பாப்பா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியா?" என்றார். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. அந்த வாரமே தனியாக வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்ததும் அதற்கப்புறம்தான். போர் விளையாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுட்டுத் தள்ளலாம். அவை எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது இதுதான்: எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவனுக்கும் தெரியக் கூடாது. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பூட்ஸ் கால்கள் பக்கத்தில் வந்து நின்று பிறகு போய்விடுவதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை வேறு எங்கேயும் நான் அனுபவித்ததில்லை. மூன்றாவது வரிசையில் கேக்கோடு உட்கார்ந்தவளுக்கு மறைவிடம்தான் சொர்க்கம்.

போன மாதம் அந்த விளையாட்டுக்குத் தமிழ்க் குரல் வந்தது. கேலி பண்ணலாம் என்றுதான் போட்டேன். வந்து வாய்த்தது இது.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா ஏதாச்சும் விளையாட்டுக்குப் பேசினாராம்மா?"

"போன வருஷம். ஏதோ குளிர் நாட்டுச் சண்ட. ஆறு நாள் தொடர்ந்து பேசினார். படம்கூடக் காட்டலையாம். வெறும் லிஸ்ட்டு, ஒவ்வொண்ணுக்கும் இத்தன விநாடின்னு போட்டிருக்கும், அவ்வளவுதான். அதுல நூத்தி நாப்பது தடவ சாகச் சொன்னாங்களாம்டி. செத்துச் செத்தே தொண்டையக் கெடுத்துக்கிட்டார்."

"தொண்டைக்கு என்ன?"

பின்னால் யாரோ செருமும் சத்தம் கேட்டது. அந்தச் செருமல் கரகரத்துப் போயிருந்தது.

"குரல்நாண்ல கட்டி. கெட்ட கட்டி இல்லயாம், பயப்படாத. ஆனா எடுத்தே ஆகணுமாம். வர்ற வியாழக்கிழம ஆபரேஷன். அப்பறம் ரெண்டு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கக் கூடாது, இருமக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாதாம். அதுக்கப்பறம் வர்ற குரல் இதே குரலா இருக்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர்."

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா மட்டும் வந்து பேசியிருப்பியா? ரெண்டு வருஷமா நான் என்ன வீட்டுக்காரியா தபால்காரியா? அவர் உன்னக் கேக்கறத உனக்குச் சொல்றதும், நீ சொல்றத அவருக்குச் சொல்றதும். ஒரே ரூம்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பார், நான் திருப்பிச் சொல்லணும்." அம்மா மூச்சு வாங்கினாள். "வியாழனுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பேசிடு. அந்தக் குரல் இருக்கும்போதே பேசிடு. உனக்கும் அவருக்கும் நெஞ்சழுத்தம் சரிபாதி. எனக்குத்தான் ரெண்டு பக்கமும் இடி."

பார்க்கிறேன் என்றேன். என் அகராதியில் பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அம்மாவுக்கும் அது தெரியும்.

ஆனால் டிவியை அணைக்க முடியவில்லை. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். நிலக்கரிக் கிடங்கு, அடுப்பு, குளிர்காயும் ஆள். இந்த முறை பின்னால் போகவில்லை. சாக்கு மூட்டைகளுக்கு இடையில் குந்திக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு காவலாளி வந்தான். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஒருவனுக்கு மூக்கடைப்பு, ஒருவனுக்குப் பல் இடுக்கில் காற்றுப் போகிற பேச்சு. இரண்டும் அப்பா.

"சூப்புல இன்னிக்கும் உப்பு இல்ல."

"உப்பு இருந்தா மட்டும் அது சூப்பா?" என்றான் மூக்கடைப்பன். அதோடு நிறுத்தாமல், "அந்த மாடிப்படில பதினேழாவது படி இன்னும் ஆடுது, யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க" என்றான்.

அந்தக் கிடங்கில் மாடிப்படியே கிடையாது. பதினேழாவது படி ஆடுவது எங்கள் வீட்டில்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அப்பா என்னை ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். வேறு மொழியில் ஒருவன் பத்து விநாடி பேசுவதைத் தமிழில் நான்கே விநாடியில் சொல்லி முடித்துவிடலாம். மிச்சம் ஆறு விநாடி வாய் அசைந்துகொண்டே இருக்கும். "சார், மிச்சத்த நீங்களே ரொப்பிடுங்க" என்பார்கள். அப்பா ரொப்புவார். ஒரு கார்ட்டூனில் கரடி ஒன்று தேன்கூட்டைப் பார்த்துக்கொண்டே, எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோன கதையைச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. ஆறு நாளில் மூவாயிரம் வசனம் பேசித் தள்ள வேண்டிய இடத்தில், எவன் எதை ரொப்பினான் என்று சரிபார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அன்றிலிருந்து நான் ஒருவனையும் தொடவில்லை. வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்வேன். மாலை வரை பீப்பாய்க்குப் பின்னால், வண்டிக்கு அடியில், துணி காயும் கொடிக்கு மறைவில் என்று கிடந்து ஒவ்வொருவனும் பேசி முடிக்கக் காத்திருந்தேன். ஒரு காவலாளி மூன்று தடவை பேசுவான். மூன்றாவதைக் கேட்க முழுதாகப் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கடுகடுத்த கேப்டன் ஒருவன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "கொடைய எங்க வச்சேன்னு தெரியலியே" என்றான். புதிதாகப் படையில் சேர்ந்த பொடியன், "வெறும் வயித்துல காபி குடிக்காதன்னு எத்தன தடவ சொல்றது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். அது எனக்குச் சொன்னது. நான் காலேஜ் போன காலம் முழுக்கத் தினம் ஒருமுறை எனக்குச் சொல்லப்பட்டது.

எதிரிப் படை முழுக்க எங்கள் வீடாக இருந்தது. நான் அதற்குள் ஒளிந்துகொண்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தக் குரல்களை விட்டுவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன்.

திங்கட்கிழமை பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். விளையாட்டில் அது விடிகாலை. உறைந்த ஆறு, அதன்மேல் மரப்பாலம், பாலத்தின் நடுவில் ஒற்றைக் காவலாளி. ஓரமாகப் பனியில் புதைந்த ஒரு படகு. அதற்குப் பின்னால் படுத்தேன்.

அவன் பேசியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எந்த வேஷமும் இல்லாத குரல். ஆறாவது நாள் பதிவாக இருக்கும். பத்துக் குரலும் தீர்ந்துபோய், தொண்டையும் கட்டிப்போய், மிஞ்சியதை வைத்துப் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பர் படித்துக்கொண்டே பேசுகிற அப்பா.

மறுகரையிலிருந்து இன்னொருவன் கேட்டான்: "வீட்லருந்து கடுதாசி வந்துச்சா?"

"வரல."

பாலத்துக் காவலாளி துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"எம் பொண்ணு அழுதத நாலு பேர் முன்னாடி பேசிக் காட்டிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ குரல் நல்லா வந்துதேன்னு எனக்கும் ஒரே சந்தோஷம். அப்பறம்தான் அவ மொகத்தப் பாத்தேன். பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அவகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவன் திரும்பி நடந்தான். மரப்பலகைகள் கிறீச்சிட்டன.

நான் மொழியை மாற்றி, அதே இடத்தைப் பழைய ஆங்கிலக் குரலில் கேட்டேன். அதில் காவலாளி தன் வீட்டுக் கூரை பனியில் இடிந்து விழுந்ததைப் பற்றிப் பேசினான். பனி எவ்வளவு கனம், யார் வந்து கூரையைச் சரிசெய்வார்கள், அவ்வளவுதான். பெண்ணும் இல்லை, அழுகையும் இல்லை. மறுபடி தமிழுக்கு மாற்றிக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை முடிந்தபோது டிவியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

படம் காட்டாமல், யார் கேட்பார்கள் என்றும் தெரியாமல், ஒரு பட்டியலுக்குள் தன் மன்னிப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர். நான் அதைக் கேட்பதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். நேரில் சொல்ல வாய் வராதவர்களுக்கு அந்த வாய்ப்பே ஜாஸ்தி என்று அவர் நினைத்திருப்பார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பேசுவது என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் புத்தி என்னைக் கவிழ்த்தது. உடனே கிளம்பியிருக்கலாம், மாலை நான்கு மணிதான். ஆனால் காவலாளி எத்தனை அடி நடக்கிறான், எங்கே திரும்புகிறான் என்று ஆற அமரப் பார்த்து வைத்துக்கொண்டுதான் நான் மறைவிலிருந்து வெளியே வருவேன். பழகிவிட்டது. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, அவர் இப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஒரு நாள் வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை மாலை போவதாக முடிவு.

செவ்வாய்க்கிழமை ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் பரிசோதனை அறைக்குள் போனேன். வேலை நேரத்தில் எப்போதும் அப்படித்தான், அங்கே ஒரு சின்ன அதிர்வுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். வீட்டுக்கு வந்தும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று "அப்பா, நான் அந்தப் பாலத்துக்குப் போனேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தபோது அம்மாவின் அழைப்பு எட்டு. ஒரு செய்தி: "வேற ஒரு பேஷண்ட் வராததால இவர இன்னிக்கே எடுத்துக்கறாங்களாம். ரெண்டரைக்கு உள்ள போறார். அதுக்குள்ள ஒரு வார்த்த பேசிடு."

வந்த நேரம் ஒன்று நாற்பது.

ஆட்டோவில் போகும்போது அழுகை வரவில்லை, என்மேல் எரிச்சல்தான் வந்தது. காத்திருக்கத் தெரிந்தவளுக்கு எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கிற மாதிரி ஒரு வெள்ளைப் பலகை, நூலில் கட்டிய பேனா. என்னைப் பார்த்ததும் வாய் திறக்கப் போனார். "ம்ம்" என்று நர்ஸ் அதட்டினார். மூடிக்கொண்டார்.

அம்மா எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாள். "காபி வாங்கிட்டு வரேன்" என்று போய்விட்டாள். தபால்காரி அன்று விடுப்பு.

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது எல்லாம் பறந்துவிட்டது. "அந்தக் குளிர் நாட்டு விளையாட்ட நான் ஆடறேன்" என்றேன்.

அவர் கண் அகலமானது. பலகையை எடுத்து எழுதினார்: "எத்தனை தடவை என்னைக் கொன்னே?"

"ஏழு."

"நல்லா செத்தேனா?"

"ஆறு பேர் சுமார். ஏழாவது ஆள் பிரமாதம்."

திருப்தியாகத் தலையாட்டினார். தொழில் பெருமை எந்தக் கட்டிலிலும் விடாது. பிறகு எழுதினார்: "அப்புறம்?"

"அப்பறம் யாரையும் தொடல. எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

பேனா நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தார். எதுவரை கேட்டிருப்பேன் என்று கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பலகையில் இருந்ததை உள்ளங்கையால் அழித்தார். அம்மா காபியோடு வந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் விளையாட்டுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பதினேழாவது படி ஆடியது. கூடத்து டிவியில் கம்பிகளை மாட்டினேன். அப்பா குளித்து, சட்டை போட்டு, ஏதோ முதல் நாள் காட்சிக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த விளையாட்டுக்குப் பேசிய எதையும் அவர் படத்தோடு பார்த்ததில்லை.

நிலக்கரிக் கிடங்கில் தொடங்கினேன். மூக்கடைப்பன் பேசியதும் பலகையில் "இவன் நல்லா வந்திருக்கான்" என்று எழுதிக் காட்டினார். குடை தேடிய கேப்டனைப் பார்த்துவிட்டு "இவ்ளோ மீசையா! தெரிஞ்சிருந்தா இன்னும் அடித்தொண்டையில பேசியிருப்பேன்" என்று எழுதினார். பிறகு நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பாலம் வந்தது. படகுக்குப் பின்னால் படுத்தேன்.

"வீட்லருந்து கடுதாசி வந்துச்சா?"

"வரல."

அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள். "என்னங்க, வாயத் தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ரெண்டு நாள் பொறுக்க முடியாதா உங்களுக்கு?" கையில் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள். அப்பா இரண்டு கையையும் விரித்து, தான் இல்லை என்று டிவியைக் காட்டினார். அம்மா டிவியைப் பார்த்தாள். காவலாளி மிச்சத்தைச் சொன்னான். அழுததைப் பேசிக் காட்டியது, எல்லாரும் சிரித்தது, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியாதது.

அப்பா பலகையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். அவரை இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவர் சொல்லிவிட்டார். இனி என் முறை.

இந்த விளையாட்டில் தவழ்வதற்கும் குந்துவதற்கும் படுப்பதற்கும் பொத்தான்கள் உண்டு. எழுந்து நிற்கவும் ஒன்று உண்டு, நான் அதை அநேகமாகத் தொட்டதே இல்லை. அதை அழுத்தினேன். தந்திக்காரி படகுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். நேராகப் பாலத்தின் மேல் நடந்தாள். பலகைகள் சத்தமிட்டன. காவலாளி திரும்பினான். சுடுவதற்கு முன் அவன் மூன்று தடவை கேட்பான் என்பது விதி.

"யாரது அங்க?" என்றது அப்பாவின் குரல்.

"நான்தாம்ப்பா" என்றேன். டிவியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"நான்தான். அன்னிக்கு ரொம்ப வலிச்சுது. ரெண்டு வருஷமா வலிச்சுது." குரல் உடைந்தது. மூச்சு இடையில் சிக்கியது, அதே இடத்தில், அதே மாதிரி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "இப்ப கோவம் இல்லப்பா. உங்க குரல் மாறிப் போனாலும் பரவால்ல. எந்தக் குரல் வருதோ அதுல எங்கிட்ட பேசுங்க."

"கடைசியாக் கேக்கறேன்" என்றான் காவலாளி. கேட்டுவிட்டுச் சுட்டான். குறி தப்பவில்லை. தந்திக்காரி பனியில் விழுந்தாள், திரை இருண்டது.

அம்மா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"என்னங்க, பெத்த பொண்ணையே சுட்டுட்டீங்க?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டை வரை வந்ததை இரண்டு கையாலும் வாயைப் பொத்தி நிறுத்தினார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் தோள் குலுங்குவது நிற்கவில்லை. பேசக் கூடாது, கிசுகிசுக்கக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று எல்லாம் சொன்ன டாக்டர் அழுவதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.